ஐந்தாம் லயத்தில் ஒரு மாற்றம்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையா பெயர் கூப்பிட்டு முடித்தார். ஐந்தாம் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் மட்டும் கொழுந்துக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் வரவில்லை. பெயர் இல்லாவிட்டால் அன்று வேலை இல்லை.

மீனம்மா நேரே ஆபீஸ் கிளாக்கர் மத்தியாஸிடம் வந்தாள். "ஏங்கய்யா, நாங்கெல்லாம் செத்துட்டமா? நேத்தே சொல்லியிருந்தா ரொட்டி சுடாம இருந்திருப்பேன்ல?"

மத்தியாஸ் அச்சுத் தாளை வாங்கிப் புரட்டினார். அதில் ஐந்தாம் லயமே இல்லை.

எண்பத்தேழில் தோட்டத்து ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்தது. லயத்துக்கு ஒரு கோப்பாக ஆட்களின் விவரமெல்லாம் அதற்குள் போயிற்று. மாலையில் பிரதி எடுக்கும் புரோகிராமை ஓடவிட்டு, அந்த பிளாப்பித் தட்டைக் கொழும்புத் தலைமை ஆபீசுக்கு அனுப்புவார் மத்தியாஸ். அங்கே அச்சாகி வரும் பெயர்களைத்தான் பெரட்டில் கூப்பிட வேண்டும்.

புரோகிராம் ஐந்தாம் லயத்தைத் தாண்டிப் போயிருந்தது. மத்தியாஸ் புதுத் தட்டு போட்டார், தாண்டியது. கண்டாக்கையா கம்பியூட்டர் பெட்டிக்கு விபூதி பூசினார், அப்போதும் தாண்டியது.

மத்தியாஸ் கொழும்பிலிருந்த அதிகாரி தம்பிஐயாவுக்குப் போன் போட்டார்.

"அது பழுதில்லைக் காணும். முதல்தரம் ஓடேக்கை எல்லாக் கோப்பையும் எடுக்கும். பிறகு மாறின கோப்பை மட்டுந்தான் எடுக்கும். ரெண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் அச்சடிக்கிறது."

"அப்ப அந்த முதல் தட்டுங்க?"

"பத்திரமா இருக்கு. பியோன் ரெண்டு ஓட்டை போட்டு ஃபைலிலை கோத்து வைச்சிருக்கிறான்."

"ஓட்ட போட்டா மிஷின் படிக்காதுங்களே. மறுபடி எல்லாத்தையும் எடுத்து அனுப்பட்டுங்களா?"

"முதல் பிரதி ஒருக்காத்தான் எண்டு சுற்றுநிருபத்திலை கிடக்கு."

முதல் பிரதிக்குப் பிறகு மற்ற லயங்களில் பிறப்பு, சாவு, கல்யாணம் என்று ஏதோ நடந்திருந்தது. ஐந்தாம் லயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. காரணமும் தோட்ட நிர்வாகியான துரையின் கையெழுத்தும் இல்லாமல் பதிவில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்பது பழைய தோட்டத்துச் சட்டம். மத்தியாஸ் அதை மீறியவர் அல்ல.

சாயங்காலம் லயத்துக்குப் போனார். "இங்க யார் வீட்லயாவது ஏதாச்சும் நடக்கணும்."

"நான் செத்துட்டதாப் போடுங்க. நாளைக்கு முழிச்சுக்கிறேன்," என்றான் திண்ணையில் படுத்திருந்த அழகன்.

"ஒனக்கு முழிக்கவே மத்தியானம் ஆகும், சும்மா இரு," என்றாள் மீனம்மா. பிறகு யோசித்தாள். "எம்மாடு கன்னு போட்டிருக்குங்கய்யா. அது நடப்புல சேருமா?"

மாடுகளுக்கும் பதிவில் இடமிருந்தது. துரை கையெழுத்து வைத்தார். கன்று ஏறியது, கோப்பு மாறியது, ஐந்தாம் லயம் முழுவதும் தட்டுக்குள் போனது.

அச்சு வந்த காலையில் கண்டாக்கையா ஐந்தாம் லயத்தைக் கூப்பிட்டார். முதல் பெயரே, "செவலைக் கன்று!"

"இந்தா நிக்குதுங்க," என்று கயிற்றை உயர்த்திக் காட்டினாள் மீனம்மா. அடுத்த பெயர் அவளுடையது.

மத்தியாஸ் ஆபீசுக்குத் திரும்பி, ஆபீஸ் உத்தியோகத்தர்களின் கோப்பைத் திறந்தார். அதில் இருந்தது அவர் ஒருவர் பெயர்தான். மணமாகாதவர். பிள்ளை இல்லை, மாடு இல்லை. முதல் பிரதிக்குப் பிறகு அந்தக் கோப்பில் எதுவும் மாறவில்லை. மாதச் சம்பள அச்சில் அவர் பெயரும் வராது.

பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஐந்தாம் லயத்துக்கு நடந்தார்.

"மீனம்மா," என்றார் வாசலில் நின்று. "அந்தக் கன்னை எனக்குக் குடுக்கிறீங்களா?"