பட்டியலில் இல்லாத விசை

வலது கை ஆட்காட்டி விரலை ஜே எழுத்தின் மேல் வைத்தபடி, அழுத்தாமல், கவ்ஸர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இடது கைச் சுண்டுவிரல் கண்ட்ரோல் விசையின் மேல் இருந்தது. இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். விரல் தேடவேயில்லை. நேராக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை ‘ரீஷா’வின் ஒன்பதாம் பதிப்பு வெளிவர வேண்டும். எழுதுவதற்கும் எழுதியதைத் திருத்துவதற்கும் மட்டுமே ஆன சின்ன மென்பொருள் அது. பதினோரு வருடங்களுக்கு முன், பிஸெர்த்தாவில் கால்வாயைப் பார்த்த மருந்துக்கடை ஒன்றின் மாடியில், கவ்ஸரும் ஸுஹைரும் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து அதை எழுதத் தொடங்கினார்கள். இப்போது பத்திரிகைக்காரர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நீதிமன்ற எழுத்தர்களும் அதை வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கவ்ஸர் அதற்கு மூன்று புதிய கட்டளைகளைச் சேர்த்திருந்தாள். முதல் இரண்டுக்கும் விசை கிடைத்துவிட்டது. மூன்றாவதுதான் இழுத்துக்கொண்டிருந்தது. வரியின் திசையைப் புரட்டிப்போடும் கட்டளை அது. இங்கே யாரும் ஒரே மொழியில் ஒரு வரியை எழுதி முடிப்பதில்லை. அரபியில் ஆரம்பித்துப் பிரெஞ்சில் முடிப்பார்கள். அது வலமிருந்து வரும், இது இடமிருந்து போகும். நடுவில் முற்றுப்புள்ளி ஓடிப்போய்த் தப்பான முனையில் நிற்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை தேவைப்படும் கட்டளை. அதைப் போய் விரல் எட்டாத மூலையில் வைக்க முடியாது.

எட்டுகிற இடமெல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டன. கண்ட்ரோலோடு ஆல்ட்டைச் சேர்த்தால் யூரோ குறி மாதிரி ஏதாவது வந்து விழும், அந்தப் பக்கமே போகக்கூடாது. அமெரிக்கர்கள் தாராளமாகப் பயன்படுத்தும் சதுர அடைப்புக்குறி, இங்குள்ள பிரெஞ்சு விசைப்பலகையில் கையைப் பிசைய வைக்கும். ஷிஃப்ட்டைச் சேர்த்து ஏதாவது கொடுக்கலாம், ஆனால் நூறாவது தடவை மணிக்கட்டு வலிக்கும். சுவரில், கூட வேலை பார்க்கும் மோன்ஜியின் அச்சுக்கோத்தது போன்ற கையெழுத்தில், எந்த விசை எந்தக் கட்டளைக்கு என்ற பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் ஜேக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை.

“ஜே சும்மாதானே கெடக்கு?” என்றாள் துர்ரா. வெளிவரும் முன் ஒவ்வொரு பதிப்பையும் உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. “பட்டியல்ல இல்ல, மெனுல இல்ல. இவ்வளவு நல்ல எடத்த யாரு காலியா விட்டு வச்சது? வூட்டுக்காரன் ஊருக்குப் போன வூடு மாதிரி.”

கவ்ஸர் விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

ஜே காலியாக இல்லை. அன்றன்று செய்த வேலையை ஒரே கோப்பில் எழுதிவைக்கும் பழக்கம் ஸுஹைருக்கு இருந்தது. தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும், “இன்னைக்கு என்ன தேதி?” என்று கத்துவான். சுவரில் நாட்காட்டி இருந்தது. திரையின் மூலையில் தேதி இருந்தது. ஆனாலும் அவளைத்தான் கேட்பான். ஒரு மழை நாளில் அவள் எரிச்சலோடு உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் அதை எழுதினாள். கண்ட்ரோலும் ஜேயும் அழுத்தினால் கிழமை, தேதி, ஊர் வாயில் வழங்கும் மாதப் பெயர், ஒரு சின்னக் கோடு. “இந்தா. இனிமே என்னையக் கேக்காத.” அவன் ஆறு தடவை அழுத்தினான். ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு வியாழக்கிழமைகள் விழுந்தன. மெனுவிலும் உதவிப் பக்கத்திலும் அதை அவர்கள் சேர்க்கவில்லை. மறுநாள் காலை அவன் தேதி கேட்காமல் வேலையைத் தொடங்கியபோது அவளுக்கு அறை மிகவும் அமைதியாகிவிட்டது போலிருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஸுஹைர் ஹாம்பர்க் போனான். அவன் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் அவனிடமிருந்து ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. இரண்டே வரி. “இங்கே இரண்டு அறை இருக்கிறது. வருவாயா?” அது வந்த மாதம்தான் அவள் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்திருந்தது. ஸூஸாவில் இருந்த அண்ணன் வருகிறேன், பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவள் இருபத்திரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், “அப்பாவை விட்டு இப்போது வர முடியாது” என்று அனுப்பினாள். அதில் ‘இப்போது’ என்ற ஒரு சொல்லை வைக்கத்தான் அத்தனை நாள் ஆனது. அன்று மாலையே பதில் வந்துவிட்டது. “புரிகிறது. அப்பாவுக்கு என் சலாம் சொல்.” அந்தச் சொல்லை அவன் பார்த்தானா, பார்த்தும் நம்பவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதன்பிறகு பெருநாள் வாழ்த்துகள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

மோன்ஜி எழுந்து வந்து அவள் மேசையோரம் நின்றார். முன்னாளில் அச்சகத்தில் இருந்தவர், இப்போது பயனர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.

“அது ஸுஹைரோடதில்ல?” என்றார், துர்ராவுக்குக் கேட்காதபடி.

“உங்களுக்கு எப்படித் தெரியும், மோன்ஜி ஐயா?”

“பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். காது இருக்கில்ல எனக்கு.” பிறகு, “அவன் இன்னும் ரீஷாதான் வச்சிருக்கானா?” என்றார்.

“தெரியல.”

தெரிந்துகொள்ள வழியும் இல்லை. யார் எதை அழுத்துகிறார்கள் என்று வேவு பார்க்கும் ஒரு வரிகூட ரீஷாவில் இருக்கக்கூடாது என்று முதல் நாளே சொன்னவன் ஸுஹைர்தான்.

“ஒரு வரி எழுதிக் கேட்டா ஆச்சு.”

“திசை மாத்துறதுக்கு இதவிட நல்ல விசை இல்ல. நூறு தடவை அமுக்கணும். நீங்களே வச்சுப் பாருங்க.”

“நான் அதச் சொல்லல, யா பின்த்தி, மகளே.” மோன்ஜி தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “பூட்ட மாத்திப் போட்டுட்டு யாரு வந்து கதவத் தட்டுறாங்கன்னு பாக்கப்போற. அதத்தான் சொல்றேன்.”

அவள் ஜேக்கு எதிரே ‘திசை’ என்று எழுதச் சொல்லி அவரிடம் பேனாவை நீட்டினாள்.

பதிப்பு வெளியான வாரம் கடிதங்கள் குவிந்தன. கைரவானிலிருந்து ஒரு நீதிமன்ற எழுத்தர், இனி தன் முற்றுப்புள்ளிகள் சொன்ன இடத்தில் நிற்பதாக எழுதியிருந்தார். பொருட்களின் பெயர்ப்பட்டியல் எழுதும் ஒருவர் பின்னணி நிறம் பிடிக்கவில்லை என்றார். துர்ரா ஒவ்வொன்றாக நாடகம் போல வாசித்துக் காட்டினாள். கவ்ஸர் சிரிப்பாள். ஆனால் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், அனுப்பியவர்களின் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிடுவாள். கோபமாக ஒரு வரி போதும் என்று நினைத்தாள். என் தேதியை எங்கே என்று கேட்டால் போதும். அதற்கான பதிலைக்கூட மனதுக்குள் எழுதி வைத்திருந்தாள். அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டும்போது அந்தப் பதிலில் ஒரு சொல்லை மாற்றுவாள், துணி உலர்த்தும்போது அந்தச் சொல்லையே திரும்பவும் வைப்பாள். இரண்டாவது வாரம் முடிந்தது. அவன் ரீஷாவை விட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. அவன் தன்னை விட்டுவிட்டதாக அத்தனை நாளும் தோன்றாதது, அப்போதுதான் தோன்றியது.

பத்தொன்பதாவது நாள் துர்ரா தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள். “கவ்ஸர், யாரோ ஒரு டீச்சரம்மா. ஜேயக் காணோமாம். அமுக்குனா தேதி வரமாட்டேங்குதாம், வரி பொரண்டு போவுதாம். என்னைய முட்டி போட வைக்காத குறைதான். உன் பேரச் சொல்லிக் கேக்குறாங்க.”

கவ்ஸர் வாங்கிக் காதில் வைத்தாள்.

“நான் ஷாத்லியா பேசறேன்மா. மன்ஸில் ஜமீல்லேர்ந்து. ஸுஹைரோட அம்மா.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு கவ்ஸர் பேருந்து ஏறினாள். கப்பலுக்கு வழிவிடப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். நீளமான ஒரு சரக்குக் கப்பல் அவசரமே இல்லாமல் கால்வாயைக் கடந்தது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று அவள் இரண்டு தடவை நினைத்தாள். கணினியைத் தொலைவிலிருந்தே சரிசெய்ய ஆயிரம் வழி இருந்தது. தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஷாத்லியா முப்பத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். முதுகு இன்னும் வளையவில்லை. வாசலிலேயே கவ்ஸரின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, “மெலிஞ்சுட்ட. அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்டார். ஆரஞ்சுப்பூ நீர் விட்ட காபி வந்தது. கணினி ஜன்னலோரம், தையல் மேசையின் மேல் இருந்தது.

“அவன் போறப்ப இத வச்சுக் குடுத்துட்டுப் போனான். தெனம் ரெண்டு வரி எழுதுங்கன்னான். இந்த ரெண்டு பட்டனையும் அமுக்கு, தேதி தானா வரும்னான். மூணு வருஷமா ஒருநாள் தவறல.”

கோப்பு திறந்திருந்தது. கிழமை, தேதி, மாதம், சின்னக் கோடு. மல்லிச் செடிக்கு மண் மாற்றினேன். கோடு. உன் மாமா மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை குள்ளம். கோடு. இன்று மழை, முட்டிவலி. கவ்ஸர் எழுதிய கோடுகள், ஆயிரத்துக்கு மேல், கீழே இறங்கிக்கொண்டே போயின. கடைசி மூன்றரை வாரத்துத் தேதிகள் மட்டும் கையால் அடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது.

“அவருக்கு அனுப்புவீங்களா, ஹால்தி?” கவ்ஸர் அவரைச் சித்தி முறை வைத்தே கூப்பிடுவாள்.

“எதுக்கு? ஞாயித்துக்கெழமதான் பேசுறானே. அது வேற, இது வேற.” ஷாத்லியா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். “சரி, ஏன் எடுத்தீங்க?”

“வேற ஒரு வேலைக்கு அந்த விசை தேவைப்பட்டுச்சு. யாரும் பயன்படுத்தலன்னு நெனச்சேன்.”

“யாருமேவா?”

வகுப்பில் தப்பான விடையைச் சொல்லிவிட்டு நிற்பது போலிருந்தது. “ஒருத்தரத் தவிர.”

“அந்த ஒருத்தன்கிட்ட கேக்கலியா?”

கவ்ஸர் இல்லையென்று தலையசைத்தாள். ஷாத்லியா காபிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். திட்டவில்லை.

“அவன் இப்ப ரீஷா வச்சிருக்கல. அங்க ஆபீசுல எல்லாரும் வேற ஏதோ ஒண்ணுலதான் எழுதணுமாம். ஆனா காலைல உக்காந்ததும் கை மட்டும் அங்கதான் போவுதாம். அதுல இந்த ரெண்டயும் அமுக்குனா கீழ் வரி மேல் வரியோட போய் ஒட்டிக்குதாமே?”

“ஆமா. சிலதுல அப்படித்தான்.”

“தெனம் காலைல ஒட்டி வச்சுட்டு, அப்பறம் பிரிச்சு வைக்கிறேன்மான்னு சிரிச்சான் போன மாசம். எனக்குச் சிரிப்பு வரல.”

கவ்ஸர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அமைப்புகளைத் திறந்து ஜேயைத் தேதிக்கே கொடுத்தாள். திசைக்கு வேறொன்றைத் தேடிப் பிடித்தாள். ஒரே எழுத்தை மூன்று முறை தப்பாக அடித்தாள்.

“எல்லாருக்கும் மாத்திட்டியா, எனக்கு மட்டுமா?”

“உங்களுக்கு மட்டும். அமுக்கிப் பாருங்க.”

ஷாத்லியா இரண்டு கைகளையும் பியானோ வாசிப்பவர் போல உயர்த்தி, அழுத்தினார். ஞாயிறு வந்து விழுந்தது. “ம்” என்றார் திருப்தியாக. “இரு, மத்தி வாங்கி வச்சிருக்கேன். சாப்ட்டுட்டுத்தான் போகணும். அப்பாவுக்கும் கட்டித் தரேன்.” எழுந்து அடுக்களைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தமும், மீனைச் சுரண்டும் சத்தமும் கேட்டன.

கவ்ஸர் கோப்பை மேலே நகர்த்தினாள். பிறகு வேண்டாமென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறர் வீட்டுக் கடிதம் அது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் கம்பளம் உதறிக்கொண்டிருந்தாள்.

மேசையின் மேல் இருந்த கைப்பேசி அதிர்ந்து நகர்ந்தது. ஒலி அதன்பிறகு வந்தது. திரையில் அவன் பெயர்.

“எடும்மா!” அடுக்களையிலிருந்து ஷாத்லியா கத்தினார். “கையெல்லாம் செதிலு. பச்சையத் தொட்டா போதும், படம் வரும்.”

“நீங்களே வாங்க, ஹால்தி.”

“கட் ஆயிடும்மா, எடு!”

அவள் தொட்டாள். முதலில் ஒரு கூரை வந்தது. பிறகு யாரோ கைப்பேசியை எதன்மீதோ சாய்த்து வைக்க, படம் ஆடி நின்றது. சட்டைக் கையின் நுனி ஒன்று சட்டென்று விலகியது.

“யும்மா, ஒரு நிமிஷம் இரு, பால் பொங்குது. இறக்கி வச்சுட்டு வந்துடறேன்.”

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. காலடிகள் தூரமாய்ப் போயின. கவ்ஸர் கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு சின்ன மேசை தெரிந்தது. அதன்மேல் பாதி வெட்டிய ரொட்டி. பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் இலையில்லாத மரம், அதன் கிளைகள் நனைந்திருந்தன. திரையின் ஓரத்தில் அவளுடைய முகம் சிறிதாகத் தெரிந்தது, பேருந்துக் காற்றில் கலைந்த தலையோடு. அவள் அதைச் சரிசெய்யவில்லை. அங்கே அடுப்பு அணையும் சத்தம் கேட்டது, பாத்திரம் ஒன்று எங்கோ வைக்கப்பட்டது. மேசைக்குப் பின்னால், அப்போதுதான் எழுந்துபோனவன் தள்ளியது போலக் கொஞ்சம் திரும்பியபடி, முதுகில் சாம்பல்நிறக் கம்பளிச் சால்வை தொங்க, ஒரே ஒரு மர நாற்காலி காலியாக இருந்தது. கவ்ஸர் அதையே பார்த்தபடி காத்திருந்தாள்.