சூட்டுத் திண்டு

பேக்கரிக்காரருக்கு அடுப்பை ஒட்டிய திண்டுதான் சிம்மாசனம். இடுப்பு வலிக்கு இதமென்று ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அந்தச் சூட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. பரிசோதித்தால் விந்தணுக்கள் மிகக் குறைவு.

"விதைப்பை ஏன் உடம்புக்கு வெளியே தொங்குது? சூடு ஆகாதுன்னுதான். நீங்க அதைக் கொண்டுபோய் அடுப்புல வச்சிருக்கீங்க!" என்றார் டாக்டர்.

மனைவி விடுவாளா? "வெந்நீர் ஊத்தினா ஈஸ்ட் செத்துரும்னு ஊருக்கே பாடம் எடுப்பீங்களே!"

அன்றோடு திண்டுக்கு ஒரு கும்பிடு போட்டார். சில மாதம் கழித்துச் செய்த மறுபரிசோதனையில் அணுக்கள் பெருகி, துடிப்பாக நீந்திக்கொண்டிருந்தன.

கடைக்குத் திரும்பியவருக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே, போன வாரம் கல்யாணமான மைத்துனன் அதே திண்டில் சுகமாகச் சாய்ந்திருந்தான்.

"எந்திரி மச்சான்! என் பிள்ளையோட விளையாட உன் பிள்ளை வேணாமா?"