மூன்றாம் மாடித் தரையில் இயக்குநர்

பாலம் விழுந்த ஒன்பதாம் நாள், பாலங்கள் துறையின் இயக்குநர் தன் அறைத் தரைக்குள் கணுக்கால் வரை இறங்கிவிட்டார். அது மூன்றாம் மாடி. தரை உடையவில்லை, சிமெண்ட் உதிரவில்லை. சேற்றில் கால் இறங்குவதுபோல் இறங்கியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்போது அவர் நிருபர்களிடம், "பாலத்தைத் திறந்தது குழு எடுத்த முடிவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கேட்டதும் மறுபடி அதையே சொன்னார். முழங்கால் வரை போயிற்று.

ஆறு பேர் சேர்ந்து இழுத்தும் பயனில்லை. இரண்டாம் மாடித் தட்டச்சுப் பிரிவில், கூரையிலிருந்து அவருடைய கறுப்பு ஷூக்கள் தொங்கின. முதல் வாரம் யாரும் அடியில் உட்காரவில்லை. பிறகு பழகிவிட்டது.

"சார் இன்னும் சாக்ஸ் மாத்தலை பாரு" என்றாள் ஒருத்தி.

"உனக்கு அவ்வளவு அக்கறைன்னா ஏணி போட்டு நீயே மாத்திவிடேன்" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் போன், பிறகு கூட்டம். இயக்குநர் காலையில் போனில் உத்தரவு போடுவார். பத்து மணிக்கு ஏழு பேர் கூடி, முந்தின நாள் தேதியில் குழு முடிவாக எழுதிக் கையெழுத்திடுவார்கள். இருபது வருடமாக அதில் ஒரு குறையும் வந்ததில்லை. பாலத்தைச் சோதித்த பொறியாளருக்கு அங்கே 'விரிசலம்மா' என்று பட்டப்பெயர். பெரிய கம்பிவடத்தைப் பிடித்திருந்த இரும்புத் தகட்டில் விரிசல் இருப்பதாக அவள் மூன்று முறை எழுதினாள். கடைசியில் ஒரு மாலை தானே தடுப்புப் போட்டுப் பாலத்தை மூடினாள். பழுதுபார்க்கப் பதினொரு நாள் மூடினால் ஊர் சிரிக்கும் என்று நினைத்த இயக்குநர், மறுநாள் காலை ஏழு இருபதுக்குக் காவலாளிக்குப் போன் செய்து தடுப்பை எடுக்கச் சொன்னார். எட்டே காலுக்குப் பாலம் விழுந்தது. ஒரு பேருந்தில் இருந்தவர்களும் காவலாளியுமாக முப்பத்தொரு பேர் போனார்கள். பத்து மணிக்கு ஏழு பேரும் வழக்கம்போலக் கூடினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் அலற, பாலத்தைத் திறக்க நேற்றே முடிவெடுத்ததாகவும் விரிசலம்மா அதற்குச் சம்மதித்ததாகவும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். "பழக்க தோஷம்" என்றார் பின்னாளில் அவர்களில் ஒருவர்.

வழக்கு விரிசலம்மாமேல் பாய்ந்தது. போன் விஷயம் தெரிந்த காவலாளி உயிரோடு இல்லை. இயக்குநரின் மனைவி தினமும் சாப்பாடு கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து ஊட்டினாள்.

"உண்மையைச் சொல்லித் தொலைச்சா என்னங்க?"

"சொன்னா ஜெயிலுடி."

"இப்ப மட்டும் எங்க இருக்கீங்களாம்?"

விசாரணை இரண்டு வருடம் நடந்தது. குழு முடிவு என்று அவர் இன்னும் மூன்று முறை சொன்னார். இடுப்பு போயிற்று, வயிறு போயிற்று, நெஞ்சும் பாதி போயிற்று. கடைசி நாளன்று நீதிபதி படியேறி வந்தார். எதிரே விரிசலம்மா நின்றாள். இயக்குநரின் கண்ணுக்கு நேரே அவளுடைய செருப்புகள்தான் இருந்தன. ஒன்றின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. வேலை போனபிறகு அவள் எல்லா இடத்துக்கும் நடந்தே போகிறாள் என்று அவருக்குத் தெரியும். அந்த ஊக்கையே வெகுநேரம் பார்த்தார்.

"நான்தான் தொறக்கச் சொன்னேன். ஏழு இருபதுக்கு, போன்ல. இந்தம்மா வேணாம்னுதான் எழுதினாங்க."

இறங்குவது நின்றது. ஆனால் மேலே வரவில்லை. ஏழு வருடத் தண்டனை விதித்தார்கள். சிறைக்காரர்கள் வந்து இழுத்துப் பார்த்து, கைதி பத்திரமாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள். வழக்கிலிருந்து விடுதலையான விரிசலம்மாவிடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

"என்கிட்ட எதுக்கு சார்? முப்பத்தொரு வீடு இருக்கு."

அந்த வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் பேருந்து ஓட்டுநரின் மனைவி. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏழு இருபதுக்கா போன் பண்ணீங்க?"

"ஆமாம்மா."

"அவரு ஏழரைக்குத்தான் வண்டிய எடுத்தாரு."

வேறொன்றும் கேட்காமல் போய்விட்டாள். மறுவாரம் இரண்டு பேர் வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் நேரத்தைச் சொன்னார். வருகிறவர்கள் குனிந்து பேசச் சிரமப்படுகிறார்கள் என்று அலுவலகத்தில் உயரம் குறைந்த முக்காலி ஒன்று வாங்கி, அவர் முகத்துக்கு எதிரே போட்டார்கள்.