வேதசாட்சிகளின் கடைசிப் பக்கம்

2004ஆம் ஆண்டு ஐப்பசியில், கடல்கடந்து வந்த எங்கள் சனம் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் பத்திநாதர் வீட்டில் மட்டும் கரண்ட் நின்றது, பிறகு வரவேயில்லை. மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் விளக்குகள் எரிந்தன. மின்சாரக்காரர்கள் மூன்று முறை வந்து, கம்பிகளில் பிழையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிழை புத்தகத்தில் இருந்தது. மரக்கறி லொறி ஓட்டிய பத்திநாதர், கரண்டும் காரும் வேண்டாமென்று எளிமையாக வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் பண்ணை ஏலமொன்றில், ஒன்ராறியோவில், ஊறுகாய்ப் போத்தல் பெட்டியோடு சேர்த்து அதை வாங்கி வந்திருந்தார். மரமட்டை போட்ட, தலையணைத் தடிப்பில் ஒரு பழைய ஜெர்மன் புத்தகம். ஓர் எழுத்தும் விளங்காவிட்டாலும் படங்கள் விளங்கின: ஒருவரை எரிக்கிறார்கள், ஒருத்தியை ஆற்றில் அமிழ்த்துகிறார்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட எங்கள் வேதசாட்சிகள்தான் என்று முடிவுகட்டி, திருஇருதய ஆண்டவர் படத்தடியில் வைத்து முத்தமிட்டார். படத்தின் சிவப்பு பல்ப் அந்தக் கணமே அணைந்தது.

பத்திநாதர் இதை ஆண்டவரின் அழைப்பு என்றார். எளிமை அவரைப் பிடித்துக்கொண்டது. உடுப்புத் துவைப்பு அவர் மனைவி இமெல்டாவைப் பிடித்துக்கொண்டது. மகள் றொஷினி வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள், பிறகு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய்ய் நகருக்கே குடிபோய்விட்டாள். வீட்டு ரெலிபோன் மூச்சுவிடவில்லை. வாசற்படி தாண்டினால் செல்போனும் செத்தது. எல்லாவற்றையும் பொறுத்த இமெல்டா, 2009 பிறந்ததும் பொறுக்கவில்லை. வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த அவளுடைய தம்பி றெக்ஸுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்த வீட்டு நம்பர் ஒன்றுதான்.

“இஞ்சேருங்கோ, உதைக் கொண்டுபோய்க் கோயிலிலை குடுங்கோ. தம்பி ரெலிபோன் எடுத்தாலும் எடுப்பான்.”

“வேதசாட்சியளை வெளியிலை போடுறதோ? நீர் சும்மா இரும்.”

அன்றைக்கே புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த மனிசன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. நான்கு மாதம் இமெல்டா செத்த ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தாள்.

வைகாசியில் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கக் கோயிலிலிருந்து ஒரு புதுச் சுவாமியார் வந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியும் என்று கேள்விப்பட்டு, பத்திநாதர் பெருமையாக அலுமாரியைத் திறந்தார். சுவாமியார் புரட்டப் புரட்ட முகம் கறுத்தது. இவர்கள் ஆமிஷ்காரரின் முன்னோர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும் ஆயுதம் எடுப்பதையும் மறுத்தவர்கள், இவர்களை எரித்ததில் நம்முடைய கத்தோலிக்க ஆட்களும் உண்டு என்றார். கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அதே பழைய எழுத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார்: மன்னார் சூசைப்பிள்ளை றெக்ஸ், வயது முப்பத்தொன்று, துவக்குத் தூக்க மாட்டேன் என்றவர், 2009 சித்திரை.

பத்திநாதர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, கோயிலிலேயே கொடுத்துவிட எழும்பினார். இமெல்டா கதவை மறித்து நின்றாள்.

“வையுங்கோ அதை. இனி இஞ்சைக்கு ரெலிபோன் எடுக்க ஆர் இருக்கினம்?”

அவர் வைத்தார். அந்த வீட்டில் இப்போதும் பொழுதுபட்டால் மெழுகுதிரிதான்.