இஸ்திரிக் கம்பளி

மேசையில் பழைய கம்பளியை விரித்து, அப்பாவின் நல்ல சட்டைக்கு அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைக்குச் சொந்தக்காரர் முன்னறைக் கட்டிலில் கிடந்தார். விடியும்போது மூச்சு நின்றுவிட்டது.

"கசங்கின சட்டையோட அனுப்பினா அவருக்குப் பிடிக்காது," என்று மகளிடம் சொல்லிவிட்டு இருமினாள். குனிந்து காலரைத் தேய்த்தாள்.

வாசலில் பட்டறை சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்பாவின் கூட்டாளி. சூட்டு இயந்திரத்தில் நிற்பவர். எல்லாருக்கும் அவர் 'அடுப்பு'.

அப்பா, அடுப்பு, மகள் மூவருக்கும் ஒரே பட்டறை, மின்சுற்றுத் தகடு செய்யும் இடம். பிளாஸ்டிக் தகட்டில் பசைக்கோடுகள் அச்சாகி வரும். அதன்மேல் அப்பா தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுவார். செம்புத் தூள், ஒவ்வொரு துகளுக்கும் மேலே ஈயக்கலவைப் பூச்சு. அடுப்பு சூடாக அழுத்தினால் பூச்சு உருகி, துகளும் துகளும் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மகள் மீட்டரின் இரண்டு முனைகளையும் கோட்டில் வைப்பாள். 'பீப்' என்று கத்தினால் மின்சாரம் ஓடும். கத்தாவிட்டால் தகடு குப்பைக்கு.

"டாக்டர் என்னம்மா சொன்னார்?" என்று சூப்பர்வைசர் மகளைக் கேட்டார்.

"நெஞ்சைத் திறந்து பார்த்தாத்தான் தூளா இல்லையான்னு சொல்ல முடியுமாம். நாங்க சம்மதிக்கணும்."

"செத்தவரை எதுக்கு அறுக்கணும்? சிகரெட் ஊதின நெஞ்சு, வேறென்ன."

"அவனா?" அடுப்பு சிரித்துவிட்டார். "நான் பத்தவெச்சாலே பரம்பரையையே இழுத்துத் திட்டுவான் சார்."

"நீ உன் வேலையக் காப்பாத்திக்கப் பாரு."

அடுப்பு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: "சார் சொல்றதுதான் சரி. அவர்மேல கத்தி படக்கூடாது. முழுசாப் போகட்டும்."

"பெரியவங்களே சொல்லிட்டாங்க," என்று சூப்பர்வைசர் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.

மகள் சட்டையை எடுக்க உள்ளே போனாள். எடுத்ததும் கம்பளி பளபளத்தது. பெட்டி ஓடிய இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். பெயரவில்லை. அப்பாவின் வேலைச் சட்டைகளையும் அம்மா வருஷக்கணக்காக இதன்மேல்தான் தேய்க்கிறாள். துவைத்தாலும் தூள் முழுக்கப் போகாது.

வேலைப் பையிலிருந்து மீட்டரை எடுத்தாள். ஒரு முனையைக் கம்பளியின் இந்தக் கோடியில் வைத்தாள். மற்றதை அந்தக் கோடியில்.

பீப்.

"சாவு வீட்ல எதுக்குடி அந்தச் சனியனைக் கத்த விடுற?" அம்மாவின் பேச்சை இருமல் பாதியில் அறுத்தது.

"எத்தனை நாளாம்மா இந்த இருமல்?"

"இஸ்திரி போடறப்போ மட்டும்தான். சூடு மூஞ்சில அடிக்குதுல்ல."

மகள் முனைகளை எடுக்கவில்லை. சத்தம் நீண்டது. வாசலில் பேச்சு நின்றது. அடுப்பு உள்ளே வந்து கம்பளியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"அண்ணி..." என்றார். "வீடு வரைக்கும் ஓடிட்டு வந்துடறேன். என் சட்டையெல்லாம் என் பொண்டாட்டிதான் தேய்க்கிறா."

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார்.

"டாக்டரை வண்டி அனுப்பச் சொல்றேன்மா," என்றாள் மகள்.

"அவரை அறுக்க வேணாம்னேனே."

"அவருக்காக இல்லம்மா."

அம்மா கம்பளியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"நாளைக்கு நீயும் அங்கதான் வேலைக்கு வரணும். யோசிச்சுக்க," என்றார் சூப்பர்வைசர்.

"யோசிச்சுட்டேன் சார்."

வண்டி வந்தது. அப்பாவை ஏற்றினார்கள். அம்மாவைப் பார்த்து ஓட்டுநர் கேட்டார்: "இவங்க நோயாளியா, சொந்தக்காரங்களா?"

அதற்குள் அம்மா படியேறி உள்ளே உட்கார்ந்துவிட்டாள். கிளம்பிய குலுக்கலில் பிடிமானம் தேடிய அவள் கை, பக்கச் சுவரில் மடித்துக் கட்டியிருந்த இரண்டாவது ஸ்ட்ரெச்சரைப் பற்றிக்கொண்டது.