சத்தம் பத்தாத ரெக்கார்டு பிளேயர்

இனிகோ யோகோஹாமாவில் வாங்கிவந்த ரெக்கார்டு பிளேயர் சுற்றியது. ஊசியும் தட்டில் இறங்கியது. வீட்டு ஆம்ப்ளிஃபயரின் குமிழை முழுக்கத் திருப்பியும், சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ முனகுவது போலத்தான் வயலின் கேட்டது.

"ஏளா, உனக்குக் கேக்கா?"

"சரியாக் கேக்கலியே," என்றாள் அவன் மனைவி விஜிலா.

அவன் முகம் மலர்ந்தது.

இருபத்திரண்டு வருடமாகக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. இந்தத் தடவை வந்ததிலிருந்து டிவி சரியில்லை, செல்போன் சரியில்லை, கோயில் மைக் சரியில்லை என்றான். விஜிலா வாயைத் திறந்து பேசுவதில்லை என்றான். வெள்ளிக்கிழமை கப்பல் கம்பெனியின் மெடிக்கல் டெஸ்ட். காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். தேறாவிட்டால் இனிக் கப்பல் கிடையாது.

மீன் கொண்டுவந்த அந்தோணியம்மாளையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்கவைத்தான்.

"கொசு பாடுத மாதிரில்லா இருக்கு," என்றாள் அவள். "இதுக்காவயா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்த?"

"பாத்தியா, எல்லாருக்கும் அப்படித்தான்," என்று விஜிலாவிடம் சொன்னான். அன்றைக்கு இரண்டு துண்டு மீன் கூடுதலாகச் சாப்பிட்டான்.

புதன்கிழமை, சவுண்ட் சர்வீஸ் தேவபிரசாதத்தை அவனே கூட்டிவந்தான். தேவபிரசாதம் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்பக்கம் டார்ச் அடித்தார்.

"நேரா ஆக்ஸ் ஓட்டையில சொருகியிருக்கிய அண்ணாச்சி. ஊசியிலருந்து வார சத்தம் ரொம்பச் சின்னது. அதைப் பெருசாக்க நடுவுல போனோ ப்ரீஆம்ப்னு ஒரு பெட்டி வேணும். கூட வரலியா?"

"கையளவுல ஒண்ணு வந்துது. நூறு வோல்ட்டுனு போட்டிருந்து. ஜப்பான் சாமான், இங்கன சொருகுனா புகைஞ்சிரும்லா? பிளேயருதான் செல்போன் சார்ஜர்லயே ஓடுதே, அது எதுக்குன்னு கப்பல் குக்குகிட்ட குடுத்துட்டேன்."

"குக்கு அதை வச்சு என்ன செய்வான்?"

"அவன் அதைச் சோத்துல போட்டாலும் எனக்குத் தெரியாது."

தேவபிரசாதம் சிரித்தார். இனிகோ அதைவிடச் சத்தமாகச் சிரித்தான். குற்றம் பெட்டியுடையது என்று முடிவாகிவிட்டது. விஜிலாவும் அன்று அதை நம்பினாள். கொஞ்சம் தைரியமாக, தாழ்ந்த குரலில் பேசிக்கூடப் பார்த்தாள். "என்ன?" என்றான். மறுபடி பழையபடி உரத்த குரலுக்கே போனாள்.

வியாழக்கிழமை மாலை தேவபிரசாதம் பெட்டியோடு வந்தார். வயரை மாற்றிச் சொருகி, குமிழைப் பாதிக்கும் கீழே வைத்து ஊசியை இறக்கினார்.

வீடு நிறைந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கேக்கு!" இனிகோ தொடையில் தட்டினான். "நல்லாக் கேக்குளா! நாந்தான் சொன்னேம்லா!"

விஜிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாளை பட்டனை ஒழுங்காக அழுத்திவிடுவான். வயலினுக்குப் பின்னால், மெலிதாக, ஒரு மணி விட்டுவிட்டு அடித்தது. நான்கு நாளும் அப்படி ஒன்று அதில் இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அந்த மணி என்ன அழகா இருக்கு!" என்று சொல்லிவிட்டாள்.

"எந்த மணி?"

தேவபிரசாதம் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனிகோ எழுந்து ஸ்பீக்கர் பக்கம் போனான். "ட்ரெபிளைக் கூட்டும்."

தேவபிரசாதம் கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பினார். மணி காதில் குத்தியது. விஜிலா காதைப் பொத்தப்போன இரண்டு கையையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

"இன்னும்."

"இதுக்கு மேல திரும்பாது அண்ணாச்சி."

இனிகோ திரும்பி விஜிலாவைப் பார்த்தான்.

"இப்ப அடிக்கா?"

அடித்துக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றாள்.

"வந்தா சொல்லு," என்று ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டான்.