இரண்டு கேசட்டிலும் பொட்டு

தேவசிகாமணி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவன் எடுத்த கல்யாண வீடியோ கேசட் தயாராகிவிட்டால், அம்மா இசக்கியம்மா அதற்கு மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்துத்தான் வெளியே அனுப்புவாள். முப்பத்திமூன்று வயது மகனுக்கு மாப்பிள்ளைப் பொட்டு வைக்கக் கொடுத்து வைக்கவில்லை, கேசட்டுக்காவது வைக்கிறாள் என்று தச்சநல்லூரில் கேலி பேசாத வாய் இல்லை.

பேசுகிறவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கல்லூரிக் கூட்டாளிகள் ஒன்பது பேர் கல்யாணத்துக்கும் இவன்தான் வீடியோ. மதார் துபாயில் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இஸ்ரவேல் பாளையங்கோட்டையில் வீடு கட்டி, மாடியும் எழுப்பிவிட்டான். "ஒன் கல்யாணத்த யாருலே எடுப்பா?" என்று ஒவ்வொரு பந்தியிலும் கேட்டார்கள். இவனும் சிரித்து வைத்தான். சிரித்துச் சிரித்தே தொண்ணூற்றாறாம் வருடம் வந்துவிட்டது. ஆவணியில் கடைசி ஆளான நெல்லையப்பனும் ஆழ்வார்குறிச்சியில் தாலி கட்டினான். அன்றைக்கு மண்டபத்தில் நின்றபோது தேவசிகாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாரும் அவரவர் ஊரில் இறங்கிவிட்ட பஸ்ஸில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. திங்கட்கிழமை முதல் வள்ளியூரில் மச்சானின் இரும்புக் கடையில் உட்காருவதாகச் சொல்லி, காமிராவை வாங்கிக்கொள்ள ஆளும் பார்த்துவிட்டான்.

யாருக்கும் தெரியாத ஒன்று அவனிடம் இருந்தது. கூட்டம் கலைந்த பிறகும், டேப்பில் மிச்சம் இருந்தால் அவன் காமிராவை அணைக்க மாட்டான். யாரும் கேட்காததை எல்லாம் எடுப்பான். ஒன்பது வருடத்து மிச்சங்களை இரண்டு வீடியோ டெக் வைத்து ஒட்டி ஒட்டி, நாற்பது நிமிடத்துக்கு ஒரு படம் பண்ணியிருந்தான். கதாநாயகன் கிடையாது, சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. சிரிப்பார்கள் என்று பயந்து யாருக்கும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நெல்லையப்பனின் கல்யாணக் கேசட்டைக் கொடுக்க, மேஜைமேல் முன்னால் பொட்டோடு இருந்ததைப் பையில் போட்டுக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்கு ரயில் ஏறினான். பொட்டு இருந்தால் கல்யாணக் கேசட், அதைத் திருப்பிப் பார்ப்பானேன்?

நெல்லையப்பனின் மாமனார் கோமதிநாயகம் வீட்டில் தெருவே கூடியிருந்தது. மறுவீட்டுக்கு வந்திருந்த மகள் மகாலட்சுமி எல்லாருக்கும் முறுக்குக் கொடுத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். டெக் ஓடியது. பிள்ளையார் வர வேண்டிய இடத்தில், யாரோ இரண்டு பேர் வாசல் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேசட் மாறிட்டு அண்ணாச்சி" என்று தேவசிகாமணி பாய்ந்து எழுந்தான். நெல்லையப்பன் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"இருலே. அங்கன படுத்துக் கெடக்கது நான்லா?"

அவனேதான். இருபத்திநாலு வயதில், எச்சில் இலை எடுக்காத பந்திப் பாயில், மதாரின் தொடைமேல் தலை வைத்துத் தூங்குகிறான். அடுத்து மாப்பிள்ளை அறைக் கண்ணாடி ஒன்று வந்தது. அதில் காமிராவைத் தோளில் வைத்த தேவசிகாமணி, தலை நிறைய முடியோடு. இப்படி ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குக் கண்ணாடி முடி குறைந்துகொண்டே போனது. முதல் இரண்டுக்குச் சிரித்தார்கள். மூன்றாவதிலிருந்து, தீபாராதனைக்குத் திரை விலகியதுபோல் எல்லாரும் வாய் திறந்து பார்த்தார்கள்.

கடைசியில் இந்த ஊர் மண்டபம் வந்தது. பெண் புறப்பட்டுப் போய்விட்டாள். வாசலில் செருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. கோமதிநாயகம் குனிந்து குனிந்து தேடி, வார் தைத்த ஒரு ஜோடிப் பெண் செருப்பை எடுக்கிறார். துண்டால் துடைக்கிறார். செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்தடி நடந்தவர், நடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

படம் முடிந்து திரையில் புள்ளிகள் கொதித்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"எம் பழைய செருப்பு தொலஞ்சிட்டுன்னுல்லாப்பா சொன்னிய?" என்றாள் மகாலட்சுமி.

கோமதிநாயகம் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. செய்தித்தாள் பொட்டலத்தோடு வந்து அவள் மடியில் வைத்தார். அவள் அதைப் பிரிக்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இதையா ஒன்பது வருடம் ஒளித்து வைத்திருந்தோம் என்று தேவசிகாமணி தன்னையே நம்பமுடியாமல் நின்றான். கல்யாணக் கேசட்டை நாளைக்கே கொண்டுவருவதாகச் சொன்னான்.

"அது கெடக்கட்டும் தம்பி, பைய வரட்டும்" என்றார் கோமதிநாயகம். "இத இன்னொருக்கப் போடும்."

வீட்டுக்கு வந்தபோது கல்யாணக் கேசட்டும் பொட்டோடு மேஜைமேலேயே இருந்தது.

"நான் கொண்டு போனது என் சொந்தக் கேசட்டும்மா. வெளிய போகதுக்கு இல்ல. அதுக்கு ஏன் பொட்டு வச்ச?"

"ஒன்பது வருசமா கதவச் சாத்திக்கிட்டு ஒண்ணப் பாத்துப் பாத்துச் செய்யுத. என்னைக்காவது போவும்லான்னுதான் வச்சேன்" என்றாள் இசக்கியம்மா. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "போயிட்டுல்லா?"

"போயிட்டும்மா."

"அப்பம் நாளைக்கு மச்சானுக்கு என்ன சொல்லட்டும்?"

அவன் காமிராப் பெட்டியைத் திறந்து, லென்சைத் துடைக்க ஆரம்பித்திருந்தான்.